கியர் பெட்டிக்கு எனிமா

மார்கழி மாதக் காலையில், வெள்ளிமலை ஆஸ்பத்திரி வாசலில், சீட்டு வாங்கக் காத்திருந்த கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, என் காரில் கியர் விழ மாட்டேன் என்றது.

நான் அந்த மலை ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். வீடு கீழே கள்ளக்குறிச்சியில். அன்றாடம் காரில் மலை ஏறி இறங்குகிறவள். முதல் நாள் மருந்து இருப்புச் சரிபார்ப்பு முடிய நேரமாகிவிட்டதால் அங்கேயே நர்ஸ் அக்காவின் குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டேன். விடிந்ததும், வழியை மறித்து நின்ற காரைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தலாம் என்று போனேன். இன்ஜின் ஒழுங்காகக் கிளம்பியது. முதல் கியருக்குத் தள்ளினால் கியர் கம்பி சுவரில் முட்டியதுபோல் நின்றது. ரிவர்ஸுக்கு இழுத்தால் உள்ளே ஏதோ நறநறவென்று பல்லைக் கடித்தது. கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்த ஒருவர் மெதுவாக எழுந்து வந்து, "தள்ளி வுடட்டுமா டீச்சர்?" என்றார். அந்த ஊரில் படித்த பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான். நான்கு பேர் தள்ளி, காரை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதே கார் மத்தியானம் வெயில் ஏறியதும் எல்லா கியரையும் சமர்த்தாகப் போட்டுக்கொண்டது. சாயங்காலம் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இறங்கியது. காலையில் என் மானத்தை வாங்கியது இந்தக் கார்தானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

அந்தக் காரின் கதையைச் சொல்ல வேண்டும். அது என் கணவரின் அண்ணனுடையது. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிறவர். நல்ல மனிதர், ஆனால் வாய்க்கு மட்டும் கேட் கிடையாது. ஆவணியில் அவர் புதுக் கார் எடுத்தபோது, "இத வெளியில குடுக்க மனசு வரல. நீயே வெச்சிக்கோம்மா, மலைக்குப் போய்வர ஆவும்" என்று பழைய சின்னக் காரை எனக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது டயர் மாற்றி, கியர் பெட்டிக்குப் புது எண்ணெய் ஊற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் கொடுத்தார். ஆர்.சி. புக்கில் பெயர் மட்டும் மாற்றவில்லை. அதனால் நான் ஓட்டிக்கொண்டிருந்தாலும் அவர் பேச்சில் அது எப்போதும் 'என் வண்டி'தான்.

என் கணவருக்குத் தும்மல் வந்தால்கூட அண்ணனுக்குப் போன் போய்விடும். கியர் விஷயமும் அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் மாமா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"கிளட்ச்ச பாதி மிதிச்சிக்கினு கியர் போட்டா பல்லு போவாம இன்னா ஆவும்? நாலு மாசத்துல என் வண்டிய தின்னுட்டியேம்மா."

"நான் கிளட்ச்ச முழுசாத்தான் மாமா மிதிக்கறேன்."

"பொம்பளைங்களுக்கு கால் எட்டாது."

என் கால் எட்டுமா எட்டாதா என்று அந்த நிமிடமே காட்டத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன். சேலம் ரோட்டு மெக்கானிக்கிடம் போனோம். அவர் மத்தியான வெயிலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கியர் அருமையாக விழுந்தது. ஆனால் காலையில் விழவில்லை என்று நாங்கள் சொன்னதை வைத்து, "உள்ள பல்லு தேஞ்சிருக்கும்ங்க. பொட்டிய எறக்கிப் பாத்தாதான் தெரியும். செலவு ஜாஸ்தியா ஆவும்" என்றார். மாமா அங்கேயே முடிவெடுத்துவிட்டார். தியாகதுருகத்தில் அவருக்குத் தெரிந்த கார் புரோக்கர் ஒருவர் இருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டியை அவரிடம் விட்டுவிடுவது என்று பேசியாகிவிட்டது.

"பஸ்ஸுல போனா இன்னா கொறஞ்சா போயிடுவ? ஊர்ல எல்லாரும் பஸ்ஸுலதான போறாங்க" என்றார்.

நான் பஸ்ஸில் போனவள்தான். அந்த பஸ் மேலே போய்ச் சேரும்போது டாக்டர் பாதிப் பேரைப் பார்த்து முடித்திருப்பார். சீட்டோடு வந்தவர்கள் சாத்தியிருக்கும் என் மருந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள். காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எங்கேயோ ஒரு சரிவில் இருக்கிற ஊரிலிருந்து நடந்து வந்தவர்கள். என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்காது. கார் வந்த பிறகு டாக்டருக்கு முன்னால் என் ஜன்னல் திறந்தது. இதெல்லாம் ஊருக்குச் சொல்கிற காரணம். எனக்கே எனக்கான காரணமும் உண்டு. சமையலும் வேலையும் முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு, கோமுகி அணையைத் தாண்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒருத்தியாக மலையேறுகிற அந்த நேரத்தை நான் என் நகைகளைவிட அதிகமாக நேசித்தேன். அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

விடை என் மருந்தகத்திலேயே கிடைத்தது. காதுக்குப் போடுகிற கிளிசரினைப் பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டில்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். குளிருக்கு அது கேனின் வாயில் வந்து யோசித்துக்கொண்டு நின்றது. கேனைக் கொண்டுபோய் ஜன்னல் வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீராக ஓடியது. எத்தனையோ மார்கழியில் செய்கிற வேலைதான். அன்றைக்கு மட்டும் கையில் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டேன். தேய்ந்த பல் மத்தியானத்தில் முளைத்து, மறுநாள் காலையில் மறுபடி தேயுமா? குளிரில் அடம்பிடித்து வெயிலில் சரியாகிற வியாதி பல்லின் வியாதி இல்லை, எண்ணெயின் வியாதி.

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, வண்டிக்கு இன்னா ஆயில் ஊத்தினீங்க?"

"ஆயில் மேல குத்தம் சொல்லாத. புத்தம்புது ஆயிலு, நானே என் கையால ஊத்தினேன். நம்ம டிரம் ஆயிலு. டிராக்டருக்கே தாங்குது, இந்தப் பொம்மை வண்டிக்குத் தாங்காதா?"

அந்த டிரம்மை எனக்குத் தெரியும். மாமாவின் மோட்டார் கொட்டகையில், மூடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் மக்கோடு நிற்கும். டிராக்டருக்கு அது. கரும்பு டிரெய்லரின் அச்சுக்கும் அது. கதவுக் கீல் கிறீச்சிட்டாலும் அதில் ஒரு சொட்டு. அந்தப் பக்கத்துக் கரும்புக்காரர்கள் வீட்டில் எல்லாம் இப்படி ஒரு டிரம் இருக்கும். எண்ணெய் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பலம் என்பது அவர்கள் கணக்கு. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து கொடுக்கிற வைத்தியர் என் மாமா. அதுவும் என் மேல் இருந்த பிரியத்தில், தாராளமாகக் கொடுத்துவிட்டார்.

மெக்கானிக்கிடம் எண்ணெயை மட்டும் மாற்றித் தரச் சொன்னேன். "அதுல ஒண்ணும் ஆவாதும்மா. நாளைக்கு மறுபடி நின்னா என் பேருதான் கெடும்" என்று கையை விரித்துவிட்டார். சரி, நாமே மாற்றினால் என்ன என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாய், வண்டியின் பெயரைக் கேட்டதும் மெல்லிய கியர் ஆயிலை எடுத்து வைத்தார். இருந்த எண்ணெய் என்ன என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது ரொம்ப கெட்டியாச்சேம்மா. குளுருல அசையாது" என்றார்.

"யாரு மாத்தறது?"

"நான்தான் பாய்."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, உள்ளே போய்த் தன் சொந்த ஸ்பேனர் ஒன்றைக் கொண்டுவந்து, "திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். கூடவே ஒரு புத்தியும் சொன்னார். "மொதல்ல மேல ஊத்தற மூடியத் தொறந்து பாத்துடுங்க. அது தொறந்தா மட்டும் கீழ வடிக்கறத தொறங்க. எல்லாத்தையும் வடிச்சிட்டு மேல மூடி தொறக்கலன்னா வண்டி அங்கியே நிக்கும்."

இன்னொரு சிக்கல் இருந்தது. ஊற்றுகிற ஓட்டை பெட்டியின் பக்கவாட்டில், கை நுழையாத இடுக்கில் இருக்கிறது. புனல் நிற்காது. மெக்கானிக்குகள் அதற்கென்று கை பம்பு வைத்திருப்பார்களாம். என்னிடம் பம்பு ஏது? மருந்துக்காரிக்கு மருந்துக்காரி புத்திதானே வரும். தெரிந்த மெடிக்கல் கடையில் ஒரு புது எனிமா கேன் வாங்கினேன். பெரிய டம்ளர் மாதிரி பாத்திரம், அடியில் நீளமான ரப்பர் குழாய், திறக்க மூட ஒரு குமிழ். மேலே தொங்கவிட்டால் தானாக இறங்கும். செய்தியைக் கேட்ட நர்ஸ் அக்கா போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாடி, வண்டிக்குமா எனிமா? படுக்க வெச்சியா, முட்டிய மடக்கச் சொன்னியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் வாட்டர் சர்வீஸுக்குப் போனோம். கார் ஏறி நிற்க சிமெண்ட் மேடை, அடியில் ஆள் நுழைகிற பள்ளம். "தண்ணி அடிக்கணுமா?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். "இல்லீங்க, அடியில படுக்கணும்" என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல் மூடி அசையவே இல்லை. மாமாவின் கைவலிமை அப்படி. ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். என் கை எலும்போ என்று பயந்து பார்த்தால், மூடிதான் இளகியிருந்தது. கீழ் மூடியையும் திறந்தேன். அங்கே வரை ஓட்டிவந்ததில் வண்டி சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டிலும் எண்ணெய் ஓடவில்லை. வெல்லப்பாகு பதம் வந்தபிறகு கரண்டியிலிருந்து இறங்குமே, அப்படி ஒரு தடித்த கயிறாகத் தொங்கிக்கொண்டு, அடியில் வைத்திருந்த பேசினுக்குள் இறங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கிளட்ச் கால் குற்றவாளி இல்லை என்பதற்கு அந்தக் கயிறே சாட்சி.

அந்த நேரம் பார்த்து மாமாவும் வந்து சேர்ந்தார். சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லியும் என் கணவர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். பள்ளத்துக்குள் குனிந்து பார்த்தார். என் சுடிதார் முழுக்க அவருடைய எண்ணெய்.

"இன்னாம்மா கூத்து இது? பல்லு போனது போனதுதான். எண்ணெய மாத்தினா பல்லு மொளைக்குமா?"

"பல்லு போயிருந்தா துண்டு விழும் மாமா. பாத்துடுவோம்."

இது மட்டும்தான் எனக்குள்ளும் பயம். நான்கு மாதம் அந்தக் கெட்டி எண்ணெயில் மல்லுக்கட்டியதில் உண்மையிலேயே பல் உடைந்திருந்தால் என் வாதமெல்லாம் வீண். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தக் கிளியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். அதை பேசினுக்குள் விட்டு, அடிவரை துழாவினேன். வெளியே எடுத்து, புண்ணுக்குக் கட்டுகிற வெள்ளைக் காஸ் துணியில் துடைத்தேன். மாமாவும் குனிந்தார், சர்வீஸ்காரரும் குனிந்தார். துணியில் கண்மை தேய்த்தது மாதிரி மெல்லிய சாம்பல் பூச்சு. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நெருடவில்லை. ஒரு துண்டுகூட இல்லை. மாமா துணியை வாங்கித் தானும் தேய்த்துப் பார்த்தார்.

வாஷரை மாற்றிக் கீழ் மூடியை இறுக்கினேன். பானட்டிலிருந்து எனிமா கேன் தொங்கியது. குழாயின் நுனியை ஓட்டையில் செருகி, குமிழைத் திறந்தேன். புது எண்ணெய் தண்ணீர் மாதிரி இறங்கியது. என் கணவர் மேலே நின்று கேனை நிரப்பிக்கொண்டே இருந்தார். பெட்டி நிறைந்ததும் ஓட்டை வழியாக எண்ணெய் தானாக வழிந்தது. வயிறு நிறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். மூடியை இறுக்கிவிட்டு வெளியே வந்து கியரைப் போட்டேன். விழுந்தது.

"கீழ எப்பவும்தான் வுழுது" என்றார் மாமா. "மேல ஒரு ராத்திரி குளுருல நிறுத்து. செவ்வாக்கெழம மொத பஸ்ஸுல நானே வரேன். என் கையால போட்டு வுழுந்தா ஒத்துக்கறேன். வுழலன்னா வெயில் ஏறினதும் என் வண்டிய எடுத்துக்கினு தியாகதுருகம் போயிக்கினே இருப்பேன். புரோக்கர் காத்துக்கினு இருக்காரு."

நியாயமான பேச்சு. ஒப்புக்கொண்டேன். போகும்போது வடித்த எண்ணெயை பேசினோடு தூக்கிக்கொண்டார். "புது ஆயிலு, டிராக்டருக்கு ஆவும்" என்றார். அதிலும் தவறு சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காரோடு மேலே போய், நர்ஸ் அக்காவோடு தங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தால் எதிரே வேப்பமரம் தெரியவில்லை, அப்படிப் பனி. காரின் கூரையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. இதைவிடக் கடுமையான பரீட்சை வேண்டாம் என்று நினைத்தேன். முதல் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். துண்டைத் தலையில் சுற்றி, கையைக் கக்கத்தில் வைத்திருந்தார். சீட்டு வாங்க வந்த கூட்டம் போன வாரத்துப் படத்தை மறுபடி பார்க்கப்போகிற ஆவலோடு திரும்பியது. அதே கம்பளிக்காரர் வந்து, "தள்ளி வுடட்டுமா டீச்சர்?" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்று சாவியை மாமாவிடம் கொடுத்தேன்.

மாமா உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கிளட்ச்சை மிதித்தார். கம்பியைப் பிடித்தார். முதல் கியர், 'டக்' என்று உட்கார்ந்தது. எடுத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடி உட்கார்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. கடைசியில் ரிவர்ஸ். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. காரை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய், பனிக்குள் மறைந்து, திரும்பி வந்து, வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கம்பளிக்காரர் ஏமாற்றத்தோடு போய் உட்கார்ந்தார்.

"டீ கெடைக்குமா இங்க?" என்றார் மாமா.

அவ்வளவுதான். எனக்கு அது போதும். அன்றைக்கு மருந்து ஜன்னலைத் திறந்தபோது என்னைப் போல் ஒருத்தி கல்வராயன் மலையிலேயே இல்லை என்ற நினைப்பு எனக்கு. இருமல் மருந்து வாங்க வந்த ஒரு அம்மாளிடம் காரணமில்லாமல் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

மாமாவுக்கு இப்போது இறங்க பஸ்தான். நான் சாயங்காலம்தான் கிளம்ப முடியும். பஸ் வந்து ஹாரன் அடித்தது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், மாமா நோயாளிகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து, கம்பளிக்காரரிடம் சாமை விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு வந்துச்சே மாமா, போவலையா?"

"அந்தக் கூட்டத்துல எவன் போவான்? உன்னோடவே வரேன்."

சாயங்காலம் அவர் இடப்பக்கம் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். முதல் வளைவு நெருங்கியபோது அவர் கண் என் காலுக்குப் போனதைக் கவனித்தேன். கிளட்ச்சை முழுவதுமாக மிதித்து, இரண்டாவதற்கு இறக்கினேன். வண்டி இன்ஜின் பிடியில் அடங்கி வளைந்தது. அடுத்த வளைவிலும் பார்த்தார். அதற்கு அடுத்ததில் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக்கொண்டார். கீழே கோமுகி அணைத் தண்ணீர் தெரிய ஆரம்பித்தபோது அவர் போன் அடித்தது. தியாகதுருகம் புரோக்கர்.

"இல்லீங்க, வண்டி வராது" என்றார் மாமா. எதிர்ப்பக்கம் ஏதோ நீளமாகப் பேசியது. விலையை ஏற்றிச் சொல்லியிருப்பார் போல. மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வண்டி என்னுது இல்லீங்க. அவங்களுது. அவங்களதான் கேக்கணும்" என்று சொல்லி, போனை என் பக்கம் நீட்டினார்.

எதிரே ஒரு வளைவு. "வளைவு மாமா. அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க" என்றேன்.

மாமா போனை மறுபடி காதில் வைத்தார்.

"அப்புறம் பேசுவாங்களாம்" என்றார். "இப்ப வண்டி ஓட்டிக்கினு இருக்காங்க."